ஐந்து மணி வரையா, ஐந்து மணிக்குள்ளா?

ஒரு சிறு சொல்லால் மூன்று வார உழைப்பை இழந்தவன் நான். முதுநிலை வேதியியல் பயில்கிறேன். நாள்தோறும் கல்யாணிலிருந்து ரயிலேறி ஆய்வுக்கூடத்துக்குச் செல்கிறேன். ஒரு நாள் பிற்பகல், விரைவு வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில், உலர்த்தும் அடுப்பின்மேல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு ஓடிவந்தேன். ‘ஸ்விட்ச் ஆஃப் தி அவன் அன்டில் ஃபைவ்’ என்று அதில் எழுதியிருந்தேன். ஐந்து மணிக்குள் அடுப்பை நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து. உடன் பயிலும் நண்பரோ ஆங்கிலம் நன்கு அறிந்தவர். சீட்டைக் கண்டதும் நிறுத்தினார். ஐந்து மணி ஆனதும் மறுபடி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை எனக்குக் கிடைத்தது கருகிய தூள்!

நண்பர்மேல் குற்றமில்லை. ‘அன்டில்’ என்பது ‘வரை’. ஒரு நிலை அந்நேரம் வரை நீடிக்கும். ‘பை’ என்பது ‘உள்’. ஒரு செயல் அந்நேரத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து மணி வரை காத்திருப்பேன் என்றால் ‘ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்’. ஐந்து மணிக்குள் வருவேன் என்றால் ‘ஐ வில் கம் பை ஃபைவ்’.

தமிழே இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும்போது, தமிழனாகிய நான் தவறியது ஏன்? பல நாள் எண்ணிப் பார்த்தேன். கல்யாண் கடைத்தெருவிலும் ரயில் பெட்டியிலும் நான் பேசுவது இந்தி. அதில் ‘பாஞ்ச் பஜே தக்’ என்றால் வரையும் அதுவே, உள்ளும் அதுவே. இந்திக்கு அது சரியான வழக்கு. நான்தான் அதைச் சுமந்துகொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டேன்! ‘அவர் வரும் வரை’ என்பதற்கு இங்கே நம்மவர் பலர் ‘அன்டில் ஹீ டஸ் நாட் கம்’ என்பதும் இவ்வாறு வந்ததே. இந்தியில் அவ்விடத்தில் எதிர்மறை வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் அது வேண்டியதில்லை. ‘அன்டில் ஹீ கம்ஸ்’ என்றால் போதும்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ என்னும் இரண்டும் இத்தகையனவே. இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ ஒன்றுதான். தமிழிலோ தொடங்கிய நேரத்துக்கு ‘முதல்’, கழிந்த கால அளவுக்கு ‘ஆக’. போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பயணி வண்டி ஓடியது 1853 ஏப்ரல் 16-ஆம் நாள். 1854-இல் பாதை கல்யாணை எட்டியது. 1854 முதல் இங்கே ரயில் ஓடுகிறது. ஆகவே ‘சின்ஸ் 1854’. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகிறது, ஆகவே ‘ஃபார்’. ஐயம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் தமிழும் சில இடங்களில் காலை வாரிவிடும். ‘பத்து ஆண்டுகளாகக் கல்யாணில் வாழ்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலமோ ‘ஐ ஹாவ் லிவ்ட்’ என்று, அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கெனத் தனி வடிவம் கேட்கிறது. ‘ஐ ஆம் லிவிங்’ என்பது இங்கே பொருந்தாது. ‘மூன்று ஆண்டுகளுக்கு முன்’ என்பதை ‘பிஃபோர் த்ரீ இயர்ஸ்’ ஆக்குவதும் நம் பழக்கம். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘த்ரீ இயர்ஸ் அகோ’தான்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி ‘வரும்போது’. இதில் உள்ள ‘வரும்’ செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அது எதிர்காலம் போல் தோன்றுவதால், ‘நாளை அவர் வரும்போது கொடுப்பேன்’ என்பதை ‘வென் ஹீ வில் கம்’ என்று தொடங்கிவிடுகிறோம். ‘வென் ஹீ கம்ஸ், ஐ வில் கிவ் இட்’ என்பதே முறை. ‘வில்’ முதன்மை வாக்கியத்தில் ஒருமுறை வந்தால் போதும். ‘வென்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ ஆகியவை காலத்தைக் குறித்துத் தொடங்கும் துணை வாக்கியத்தில் அது வேண்டாம். எனக்கு இதைச் சொல்லித் தர எந்த ஆசிரியரும் ‘வரும்’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் பள்ளியிலேயே விளங்கியிருக்கும்.

இனி ‘இன்னும்’ ஒன்று. மழைக்காலத்தில் கல்யாண் நடைமேடையில் நின்றால் இரண்டு வாக்கியங்கள் ஒரே மூச்சில் காதில் விழும். ‘மழை இன்னும் பெய்கிறது’ என்பது ‘ஸ்டில்’. ‘வண்டி இன்னும் வரவில்லை’ என்பது ‘யெட்’.