லேசர் வெட்டிய ஓட்டைகள்: ஆர்.வி. விமானக்காரர்கள் ஏன் ரெண்டு பட்டார்கள்?

மெஷின் டிசைன் பேப்பரில் பார்ட் ஏ-வில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷன் என்றால் என்ன? ரெண்டு மார்க். ஓட்டை, பள்ளம், கூர்மையான மூலை இருக்கிற இடத்தில் ஸ்ட்ரெஸ் கூடும்னு ரெண்டு வரி எழுதி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு தகட்டை வரைஞ்சுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். 2023-ல் அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிக்கொண்டிருந்த பலர் இதே கேள்வியை வைத்து மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது மார்க் பிரச்சினை இல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கப்போகிற இறக்கையைப் பற்றிய பிரச்சினை.

விமானத்தின் பெயர் ஆர்.வி. செய்கிற கம்பெனி வேன்ஸ் ஏர்கிராஃப்ட், ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்ற சின்ன ஊரில் இருக்கிறது. ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் என்ற இன்ஜினியர் 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அவருடைய இனிஷியல்தான் ஆர்.வி. இந்தக் கம்பெனி முழு விமானமாக விற்பதைவிடப் பெரும்பாலும் கிட்டாகத்தான் விற்கும். முதலில் வால் பகுதிக்கான பெட்டி வரும். அதைக் கட்டி முடித்தால் இறக்கை, அப்புறம் உடல் பகுதி என்று தவணை தவணையாக வாங்கலாம். வீட்டு கராஜில் வைத்து ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் உழைத்து, பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட் அடித்தால் ஒரு விமானம். இப்படிக் கட்டிப் பறந்த ஆர்.வி.கள் உலகம் முழுக்க 11,000-க்கும் மேல். வீட்டில் கட்டும் விமானங்களில் இவ்வளவு பேர் நம்பி வாங்கியது வேறு எதுவும் இல்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால், ஓட்டையிலிருந்து.

ஆரம்பகால கிட்களில் வெறும் தகடும் வரைபடமும்தான் வரும். மரத்திலோ இரும்பிலோ ஜிக் செய்து, அதில் எலும்புக்கூட்டை நிறுத்தி, அளந்து அளந்து ஓட்டை போடணும். கொஞ்சம் கோணினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். பிறகு வேன்ஸ் சி.என்.சி. பஞ்ச் மெஷினில் எல்லா ஓட்டைகளையும் முன்கூட்டியே போட்டுத் தர ஆரம்பித்தது. தோல் தகட்டின் ஓட்டையும் உள்ளே இருக்கும் ரிப்பின் ஓட்டையும் நேருக்கு நேர் பொருந்தினால் இறக்கை நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஜிக்கே தேவையில்லை. அனுபவம் இல்லாத ஆளும் நேரான இறக்கை கட்ட முடிந்ததற்கு அதுதான் காரணம். அதாவது இந்த விமானத்தின் பில்ட் குவாலிட்டி முழுக்க அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளில் இருந்தது. பிரச்சினையும் சரியாக அங்கேயே வந்தது.

கொரோனா காலத்தில் கிட் ஆர்டர்கள் எக்கச்சக்கமாகக் கூடின. கம்பெனியின் பஞ்ச் மெஷின்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில பாகங்களை லேசரில் வெட்டித் தரும்படி வெளி ஆளிடம் கொடுத்தார்கள். தகட்டின் வெளி ஓரத்தோடு ரிவெட் ஓட்டைகளையும் சேர்த்து லேசரே வெட்டியது. அந்தப் பாகங்கள் கிட்களில் கலந்து போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நாளில் கட்டுகிறவர்கள் புகைப்படம் அனுப்ப ஆரம்பித்தார்கள்: டிம்பிள் பண்ணினால் ஓட்டை ஓரத்தில் விரிசல் விடுகிறது.

டிம்பிள் என்றால் என்ன?

விமானத்தின் வெளித்தோலில் ரிவெட் தலை துருத்திக்கொண்டு இருக்கக்கூடாது, காற்று தடைபடும். அதனால் தலை தட்டையாக அமர்கிற ரிவெட் போடுவார்கள். அதன் தலை 100 டிகிரி கூம்பு. தடிமனான தகடாக இருந்தால் கூம்பு வடிவத்தில் குடைந்துவிடலாம். இங்கே தகடு பல இடங்களில் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, குடைய இடமில்லை. அதற்குப் பதில் ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டுக்கும் நடுவில் ஓட்டையை வைத்து அமுக்கி, தகட்டையே குழி போலக் கூம்பாக்குவார்கள். அதுதான் டிம்பிள்.

இந்த வேலையில் ஓட்டையின் ஓரம் சுற்றளவு வாக்கில் இழுபடும். ஓரம் வழுவழுப்பாக இருந்தால் 2024-டி3 அலுமினியம் இந்த இழுப்பைத் தாங்கும். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால்? ஷாம்பூ சாஷேயைப் பாருங்க. ஓரத்தில் ஒரு குட்டி வெட்டு வைத்திருப்பான். அந்த இடத்தில் பிடித்தால் சட்டென்று கிழியும், வேறு இடத்தில் பல்லை வைத்துக் கடித்தாலும் கிழியாது. லேசர் செய்தது அந்தக் குட்டி வெட்டைத்தான். லேசர் கதிர் ஓட்டையின் வட்டத்தை வெட்ட ஆரம்பிக்கிற இடமும் முடிக்கிற இடமும் ஒன்று. அங்கே ஒரு சின்னப் பள்ளம் விழும். போதாததற்கு ஓரம் முழுக்க உருகி மறுபடி உறைந்த மெல்லிய படலம் வேறு, அது பழைய உலோகம் போல வளைந்துகொடுக்காது.

பஞ்ச் பண்ணின ஓட்டை மட்டும் சுத்தமானதா என்று கேட்கலாம். அதன் ஓரமும் சொரசொரப்புதான். ஆனால் அதைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டு அனுப்புவார்கள். கட்டுகிறவர் சரியான அளவு டிரில் பிட்டை விட்டு இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, ஓரத்தை பர் இல்லாமல் தேய்த்துவிட்டுத்தான் டிம்பிள் பண்ணுவார். சொரசொரப்பு டிரில்லோடு போய்விடும். லேசர் பள்ளம் டிரில் எடுக்கிற அளவைவிட ஆழமாக இருந்தால் அது அப்படியே மிச்சம் இருக்கும்.

இப்போது கணக்கு. பெரிய தகட்டில் ஒரு வட்ட ஓட்டை இருந்தால் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் 3 மடங்கு ஆகும் என்று கிர்ஷ் 1898-ல் காட்டினார். அது வட்டத்துக்கு. கூர்மையான பள்ளத்துக்கு இங்லிஸ் 1913-ல் கொடுத்த சூத்திரம்: 1 கூட்டல், 2 பெருக்கல், பள்ளத்தின் ஆழத்தை நுனி ஆரத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். உதாரணத்துக்கு ஆழம் 0.1 மில்லிமீட்டர், நுனி ஆரம் 0.01 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க. வகுத்தால் 10, வர்க்கமூலம் 3.16, விடை கிட்டத்தட்ட 7.3. ஏற்கெனவே 3 மடங்கு ஆன இடத்தில் இன்னொரு 7 மடங்கு. இது நான் போட்ட உதாரண எண், யாரும் அளந்தது இல்லை. நிஜத்தில் அலுமினியம் அந்த நுனியில் கொஞ்சம் இளகிக் கொடுத்துவிடும், அதனால் ஒரே இழுப்பில் உடைகிற பலம் பெரிதாகக் குறையாது. அடி வாங்குவது ஃபட்டீக். ஃபட்டீக் ஆயுள் என்பது விரிசல் பிறக்கிற காலமும் அது வளர்கிற காலமும் சேர்ந்தது. இங்கே விரிசல் கட்டும்போதே பிறந்துவிட்டது. முதல் பகுதி ஆயுள் அப்படியே போச்சு. அலுமினியத்துக்கு எண்டியூரன்ஸ் லிமிட் வேறு கிடையாது.

இங்கே வரை படித்தால் "எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்றுதான் தோணும். நிறைய பேர் அப்படித்தான் சொன்னார்கள். பயந்தது தப்பில்லை. 1988 ஏப்ரலில் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் மேல்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. ரிவெட் ஓட்டைகளில் பிறந்த சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு விமானப் பணிப்பெண் இறந்தார். அந்த விமானம் 89,000 தடவைக்கு மேல் பறந்தது, ஒவ்வொரு தடவையும் பலூன் மாதிரி ஊதிச் சுருங்கியது. ஆர்.வி.யில் அந்த உள்ளழுத்தம் கிடையாது. ஆனாலும் வரிசையாக ஓட்டைகள், வரிசையாக விரிசல்கள் என்றால் இன்ஜினியருக்கு அந்தப் படம்தான் கண்முன் வரும்.

எதிர்க்கட்சி சொன்னதும் கேட்க வேண்டியதுதான். வேன்ஸ் லேசர் பாகங்களையும் பஞ்ச் பாகங்களையும் ஃபட்டீக் சோதனைக்குக் கொடுத்தது. பெரும்பாலான லேசர் பாகங்களைப் பயன்படுத்தலாம், குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் மாற்றுவது நல்லது என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. இது எப்படி சாத்தியம் என்றால், டிம்பிள் செய்த மூட்டில் ஒரு கூம்பு இன்னொரு கூம்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. சுமையின் பெரும்பங்கு கூம்பின் சுவர் வழியாகவே கைமாறுகிறது, ஓட்டையின் விளிம்புக்கு அவ்வளவு வேலையில்லை. தவிர, சின்ன விமானத்தில் நிறைய ரிப்கள் பலத்துக்காக அந்தத் தடிமனில் இல்லை, அதைவிட மெல்லிசாக இருந்தால் கையிலேயே நசுங்கிவிடும் என்பதற்காக இருக்கின்றன. அவற்றில் ஸ்ட்ரெஸ் கம்மி. சொந்த விமானம் வருஷத்துக்கு நூறு மணி நேரம் பறந்தாலே அதிகம்.

சரி, சந்தேகமாக இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கிட் இன்னும் பெட்டியில் இருப்பவருக்கு மாற்றுவது சுலபம். இறக்கை மூடிவிட்டவர் நிலைமை வேறு. ஒரு ரிப்பை எடுக்க நூற்றுக்கணக்கான ரிவெட்களை டிரில் பண்ணி எடுக்கணும். கை கொஞ்சம் நழுவினால் நல்ல தோல் தகட்டின் ஓட்டை பெரிதாகும், நீள்வட்டமாகும். சோதனையில் பாஸான ஒரு பாகத்தை எடுப்பதற்காக, ஒரு குறையும் இல்லாத பாகத்தைக் கெடுக்கிற ஆபத்து. "மாற்றிவிட்டால் சேஃப்" என்பது கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்கிற வார்த்தை.

பெயர்ப்பலகையில் யார் பெயர்?

நம்ம ஊரில் கார் வாங்கியவர்கள் பில்ட் குவாலிட்டி பற்றிச் சண்டை போட்டால் கடைசியில் கம்பெனியைத் திட்டி முடிக்கலாம். இங்கே அது முடியாது. அமெரிக்காவில் அமெச்சூர் கட்டிய விமானம் என்று பதிவாக வேண்டுமானால் வேலையில் பெரும்பங்கை, பேச்சு வழக்கில் 51 சதவீதத்தை, அமெச்சூர் ஆட்கள் செய்திருக்கணும். சட்டப்படி அந்த விமானத்தின் தயாரிப்பாளர் வேன்ஸ் இல்லை, கட்டியவர். விமானத்தில் திருகியிருக்கும் பலகையில் அவர் பெயர்தான் இருக்கும். விரிசல் இருக்கிற ரிப்பின் மேல் தோலை வைத்து மூடலாமா என்று தீர்மானித்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவரே.

அதனால் அவர்கள் விவாதத்தில் ரெண்டு கேள்விகள் பின்னிக்கிடந்தன. ஒன்று, இது உடையுமா? இரண்டு, பத்து வருஷம் கழித்து விற்கப் போனால் வாங்க வருகிறவர் "லேசர் பாகம் இருக்கா?" என்று கேட்பாரா? முதல் கேள்விக்கு ஃபட்டீக் மெஷின் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு எந்த மெஷினும் பதில் சொல்லாது. சோதனை அறிக்கையைக் காட்டியும் ஒத்துக்கொள்ளாதவர்களை "இன்ஜினியரிங் தெரியாதவர்கள்" என்று சிலர் ஒதுக்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை. பத்து வருஷ உழைப்பின் மறுவிற்பனை விலையும் உண்மையான நஷ்டம்தான். அதே சமயம் மதிப்புக் குறையும் என்ற கவலையை "உயிருக்கு ஆபத்து" என்ற பாஷையில் பேசியவர்களும் இருந்தார்கள். அதுவும் சரியில்லை.

கம்பெனி மீது என் குற்றச்சாட்டு லேசரைப் பயன்படுத்தியது இல்லை. லேசரில் தகடு வெட்டுவது உலகம் முழுக்க நடக்கிறது. ஓட்டை போடும் முறை மாறினால், அந்த ஓட்டைக்கு அடுத்து நடக்கப்போகிற எல்லா வேலையையும் புது ஓட்டையில் செய்து பார்த்திருக்கணும். பத்து தகட்டை டிம்பிள் பண்ணி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருந்தால் போதும், ஒரு மத்தியான வேலை. விமானத் துறையில் முதல் பாக ஆய்வு என்று ஒரு வழக்கம் உண்டு, தயாரிப்பு முறையோ சப்ளையரோ மாறினால் அதை மறுபடி செய்யணும். அளவுகளை மட்டும் சரிபார்த்தால் லேசர் ஓட்டை பாஸ் ஆகிவிடும். விட்டம் சரி, இடம் சரி. வரைபடத்தில் எழுதாத குணம்தான், ஓரத்தின் தரம்தான், மாறியிருந்தது.

விலை பெரிதாக இருந்தது. ஆயிரக்கணக்கில் மாற்றுப் பாகங்கள் செய்ய வேண்டியிருந்தது. பாதி கட்டி விற்கும் கிட்களில் துருப் பிரச்சினை, கப்பல் கட்டண உயர்வு எல்லாம் ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. 2023 டிசம்பரில் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களிடமே, பழைய விலைக்குத் தர முடியாது, சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கொடுத்தால்தான் கிட் என்று சொன்னார்கள். சிலர் விலகினார்கள், நிறைய பேர் திட்டிக்கொண்டே கட்டினார்கள். 2024-ல் கம்பெனி திவாலிலிருந்து வெளியே வந்துவிட்டது, கிட்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

நீங்க பாஜா வண்டிக்கோ ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கோ பிராக்கெட்டை லேசர் கடையில் வெட்டக் கொடுத்தால், டி.எக்ஸ்.எஃப். ஃபைலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீங்க. போல்ட் ஓட்டைகளைக் கொஞ்சம் சின்னதாக வரைந்து கொடுத்து, கைக்கு வந்ததும் சரியான அளவுக்கு டிரில் பண்ணி, ஓரத்தைத் தேய்த்துவிடுங்க. கதிர் உள்ளே நுழைகிற இடம் ஓட்டையின் ஓரத்தில் விழாமல், வெட்டி விழப்போகிற நடுத்துண்டில் விழும்படி வைக்கச் சொல்லிக் கேளுங்க. அப்படி வைத்தாலும் வட்டம் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தடம் இருக்கும். நகத்தை வைத்து ஓட்டைக்குள் ஒரு சுற்று தடவினால் எங்கே என்று தெரிந்துவிடும்.