பாரம் தூக்கும் சேர்வோ மோட்டரைத் தெரிவு செய்தல்
(க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் - விசையின் திரும்பல் விளைவு: பிரயோகப் பாடம்)



பாடசாலைக் கண்காட்சிகளில் ரோபோக் கை, தானாகத் திறக்கும் குளக்கதவு, பாரந்தூக்கி ஆகிய மாதிரிகளை இப்போது அதிகமாகக் காண்கிறோம். இவற்றில் பல, மேசையில் வைத்தவுடன் அசையாமல் நின்றுவிடுகின்றன. "மோட்டர் காணாது, இன்னும் பெரிதாக வாங்க வேண்டும்" என்பதே பெரும்பாலும் கேட்கும் காரணம். ஆனால் எவ்வளவு பெரிது வேண்டும் என்று கணித்துப் பார்த்தவர் சிலரே. வீட்டிலே கேட்டு வாங்கிய பணம் வீண்போகாமல் இருக்க ஒரு வழியுண்டு. அது நீங்கள் ஏற்கனவே படித்த விசைத் திருப்பம் என்னும் சிறிய பாடமே ஆகும்.

1. சேர்வோ மோட்டர் என்றால் என்ன?

சாதாரண மோட்டருக்கு மின் கொடுத்தால் அது சுழன்றுகொண்டே இருக்கும். சேர்வோ மோட்டரோ நாம் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி, அங்கேயே நிற்கும். அதனுள் நான்கு பகுதிகள் உள்ளன.

(அ) சிறிய நேரோட்ட மோட்டர்
(ஆ) வேகத்தைக் குறைத்துத் திருப்பத்தைக் கூட்டும் பற்சில்லுத் தொகுதி
(இ) அச்சு இப்போது எந்தக் கோணத்தில் உள்ளது என அறிவிக்கும் மாறுந் தடையி
(ஈ) கேட்ட கோணத்தையும் உள்ள கோணத்தையும் ஒப்பிட்டு மோட்டரைத் திருத்தும் இலத்திரனியற் சுற்று

பொதுவான சேர்வோக்களுக்கு 20 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மின்துடிப்பு அனுப்பப்படும். துடிப்பின் நீளம் ஏறத்தாழ 1.5 மில்லிசெக்கன் ஆயின் அச்சு நடுவில் நிற்கும். நீளம் குறைந்தால் ஒரு பக்கமும் கூடினால் மறுபக்கமும் திரும்பும்.

சேர்வோ என்னும் பெயர் ஏவலாள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1873 இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் பார்க்கோ, கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவி இயந்திரத்துக்கு இப்பெயரை வழங்கினார். கனமான சுக்கானைச் சொன்ன கோணத்தில் நிறுத்துவதே அதன் வேலை. ஆகவே பாரமான பொருளை அசைப்பது சேர்வோவுக்குத் தொடக்கத்திலிருந்தே உரிய தொழில் ஆகும்.

2. "பலம்" என்பது எது?

மோட்டரின் உருவமோ விலையோ பலத்தைக் காட்டாது. நாம் பார்க்க வேண்டியது திருப்பம்.

விசைத் திருப்பம் = விசை × சுழலிடத்திலிருந்து விசையின் தாக்கக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம்

இதன் சர்வதேச அலகு நியூற்றன் மீற்றர். சேர்வோப் பெட்டிகளில் அச்சிடப்படும் அலகோ கி.கி.செ.மீ. ஆகும். 1 கி.கி.செ.மீ. என்பது 1 கி.கி. திணிவின் நிறை 1 செ.மீ. தூரத்தில் ஏற்படுத்தும் திருப்பம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 மீ/செக்² எனக் கொண்டால்,

1 கி.கி.செ.மீ. = 10 நியூற்றன் × 0.01 மீற்றர் = 0.1 நியூற்றன் மீற்றர்

கவனிக்குக: கி.கி. என்பது திணிவின் அலகு. பரீட்சையில் நிறையை நியூற்றனிலும் தூரத்தை மீற்றரிலும் மாற்றியே விடை எழுதுக.

கடைகளில் கிடைக்கும் சில சேர்வோக்களின் பெறுமானங்கள் (ஏறத்தாழ):

எஸ்.ஜி.90 (9 கிராம், பிளாத்திக்குப் பற்சில்லு): 4.8 வோல்ற்றில் 1.8 கி.கி.செ.மீ.
எம்.ஜி.996ஆர் (55 கிராம், உலோகப் பற்சில்லு): 4.8 வோல்ற்றில் 9.4, 6 வோல்ற்றில் 11 கி.கி.செ.மீ.
டி.எஸ்.3218 (உலோகப் பற்சில்லு): 20 கி.கி.செ.மீ. வகை

இவை மோட்டர் மேலும் திரும்ப முடியாமல் நின்றுவிடும் நிலைக்குரிய பெறுமானங்கள். அந்த அளவு பாரம் ஏற்றினால் மோட்டர் அசையாது, சூடாகும், நாளடைவில் எரிந்தும் போகலாம். எனவே அச்சிட்ட பெறுமானத்தின் அரைவாசிக்கு மேல் வேலை வாங்காதிருப்பது நல்ல விதி. வேறுவிதமாகக் கூறின், தேவையான திருப்பத்தைக் கணித்து இரண்டால் பெருக்கி, அதன் பின்னரே கடைக்குச் செல்க.

3. செய்து காட்டிய கணக்கு

ஒரு ரோபோக் கையின் நீளம் 20 செ.மீ. கையின் திணிவு 100 கிராம், அது சீரானது. நுனியில் 300 கிராம் பாரம் உள்ளது. கை கிடையாக இருக்கும்போது தேவைப்படும் திருப்பம் யாது?

பாரத்தின் திருப்பம் = 3 நியூற்றன் × 0.2 மீற்றர் = 0.6 நியூற்றன் மீற்றர்
கையின் திருப்பம் = 1 நியூற்றன் × 0.1 மீற்றர் = 0.1 நியூற்றன் மீற்றர்
மொத்தம் = 0.7 நியூற்றன் மீற்றர் = 7 கி.கி.செ.மீ.

கையின் நிறை அதன் நடுப்புள்ளியில் தாக்குவதால் 0.1 மீற்றர் எடுத்தோம். பலர் கையின் நிறையைச் சேர்க்க மறந்து புள்ளி இழக்கின்றனர்.

இரண்டால் பெருக்க, 14 கி.கி.செ.மீ. எஸ்.ஜி.90 இதைத் தூக்காது. எம்.ஜி.996ஆர் 7 ஐத் தாண்டினாலும் 14 ஐ எட்டாது. ஒரு தடவை தூக்கிக் காட்டும், பின்னர் சூடாகித் தளரும். எனவே 20 கி.கி.செ.மீ. வகையே பொருத்தம்.

கிடை நிலையிலேயே செங்குத்துத் தூரம் மிகக் கூட. கை கிடையிலிருந்து 60° உயர்ந்தால் அத்தூரம் அரைவாசியாகும், திருப்பமும் 3.5 கி.கி.செ.மீ. ஆகக் குறையும். எப்போதும் மோசமான நிலைக்கே கணிக்க வேண்டும்.

4. துலா சொல்லித் தரும் பாடம்

பெரிய மோட்டர் வாங்கப் பணம் இல்லையா? எங்கள் ஊர்க் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். துலாவின் பின்பக்கம் பாரம் கட்டியிருப்பார்கள். நிறைந்த பட்டையை இழுப்பவருக்கு அப்பாரம் பாதி வேலையைச் செய்துகொடுக்கும். வெறும் பட்டையை இறக்கும்போது மட்டும் அவர் சிறிது பலம் கொடுப்பார். ரோபோக் கையிலும் இதையே செய்யலாம்.

மேற்கூறிய கைக்குப் பாரம் உள்ளபோது திருப்பம் 7, பாரம் இல்லாதபோது 1 கி.கி.செ.மீ. இரண்டுக்கும் நடுவான பெறுமானம் 4. எனவே சுழலிடத்துக்குப் பின்னால் 5 செ.மீ. தூரத்தில் 800 கிராம் எதிர்ப்பாரம் கட்டுக (0.8 × 5 = 4). பின்பக்கக் கையின் நிறையைப் புறக்கணிக்க,

பாரம் உள்ளபோது: 7 - 4 = 3 கி.கி.செ.மீ.
பாரம் இல்லாதபோது: 4 - 1 = 3 கி.கி.செ.மீ. (எதிர்த் திசையில்)

இரண்டால் பெருக்க 6 மட்டுமே. இப்போது எம்.ஜி.996ஆர் தாராளமாகப் போதும். திணிவு கூடுவதால் கையை மெதுவாக இயக்குக.

வெளியே 3:1 பற்சில்லு பொருத்துவது இன்னொரு வழி. திருப்பம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஆனால் வேகம் மூன்றிலொன்றாகும், 180° திரும்பும் அச்சு 60° மட்டுமே திருப்பும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறலாம்.

5. மின் வழங்கல்

சரியான மோட்டர் வாங்கியும் இயங்காமற் போவதற்கு இதுவே முக்கிய காரணம். எம்.ஜி.996ஆர் தடைப்பட்டு நிற்கும்போது ஏறத்தாழ 2.5 அம்பியர் வரை இழுக்கும். கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. வாயில் 0.5 அம்பியரே தரும். எனவே ஆர்டுயினோப் பலகையிலிருந்து பெரிய சேர்வோவுக்கு மின் எடுக்கலாகாது. தனியான 5 அல்லது 6 வோல்ற்று வழங்கி பயன்படுத்துக. இரண்டு சுற்றுகளினதும் மறை முனைகளை ஒன்றாக இணைக்க மறவாதீர்கள். சிறிய 9 வோல்ற்றுப் பெட்டி மின்கலம் இதற்கு உதவாது.

6. மாதிரியிலிருந்து மெய்யான கதவுக்கு

2018 டிசெம்பர் பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவியதையும் உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அத்தகைய வேளையில் ஒரு கதவு திறக்க மறுத்தால் வயலும் வீடும் என்னாகும் என எண்ணிப் பாருங்கள்.

பெரிய அணைகளில் ஆரைக்கதவு என்னும் வளைந்த கதவு பயன்படுகிறது. அதன் முகம் ஒரு வட்டத்தின் வில், சுழலிடம் அவ்வட்டத்தின் மையம். நீரழுத்தம் முகத்துக்குச் செங்குத்தாகத் தாக்குவதால் அவ்விசையின் கோடு சுழலிடத்தினூடாகவே செல்லும். செங்குத்துத் தூரம் பூச்சியம், ஆகவே நீரின் திருப்பமும் பூச்சியம். குளம் நிறைந்திருந்தாலும் மோட்டர் வெல்ல வேண்டியது கதவின் நிறையையும் உராய்வையும் மட்டுமே. அங்கும் மோட்டரைப் பெரிதாக்கும் முன்னர் திருப்பத்தைக் குறைத்துள்ளனர்.

நினைவிற் கொள்க

1. மிகக் கூடிய திருப்பத்தைக் கணிக்க. கையின் நிறையையும் சேர்க்க.
2. எதிர்ப்பாரம், குறுகிய கை, பற்சில்லு ஆகியவற்றால் அதைக் குறைக்க முடியுமா எனப் பார்க்க.
3. கிடைத்த விடையை இரண்டால் பெருக்குக.
4. பாரம் கூடின் உலோகப் பற்சில்லுத் தெரிவு செய்க.
5. மோட்டர் நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தரும் வழங்கியைத் தேடுக.

பயிற்சி வினாக்கள்

நிறை புறக்கணிக்கத்தக்க 12 செ.மீ. கையின் நுனியில் 500 கிராம் பாரம் உள்ளது.
(1) கை கிடையாக உள்ளபோது திருப்பத்தை நியூற்றன் மீற்றரில் காண்க.
(2) கை கிடையுடன் 60° ஆக்கும்போது திருப்பம் யாது?
(3) பாரம் சிலவேளை நீக்கப்படும். பின்னால் 5 செ.மீ. இல் கட்டவேண்டிய மிகப் பொருத்தமான எதிர்ப்பாரம் யாது?
(4) அந்நிலையில் எஸ்.ஜி.90 போதுமா? காரணம் தருக.

விடைகள்: (1) 0.6 (2) 0.3 நியூற்றன் மீற்றர் (3) 600 கிராம் (4) போதாது. இரு நிலைகளிலும் 3 கி.கி.செ.மீ. தேவை, எஸ்.ஜி.90 தருவது 1.8 மட்டுமே.

விடையைப் பார்க்கும் முன்னர் படம் வரைந்து, விசைகளைக் குறித்து, நீங்களாகவே செய்து பாருங்கள்.