தட்டெழுத்துத் தேர்வும் இரு மொழிப் பயிற்சியும்

பட்டம் பெற்றபின் அரசுப் பணியை நாடும் நண்பர்கள் நம்மிடையே பலர். வரலாறும் பொது அறிவும் கணக்கும் இரவு பகலாகப் படிக்கின்றனர். தட்டெழுத்தை மட்டும் யாரும் பாடமாகக் கருதுவதில்லை. 'கணிப்பொறியோடு நாள்தோறும் பழகுகிறோமே, அதைத் தனியே கற்க வேண்டுமா?' என்று கேட்கின்றனர். வேண்டும் என்பதே என் கருத்து. இரு மொழியிலும் வேண்டும். அதுவும் தனித்தனியே வேண்டும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வை எழுதுவோர் பல இலட்சம் பேர். ஆனால் அத்தொகுதியில் உள்ள தட்டச்சர் பணியிடங்களுக்கு அரசின் தட்டெழுத்துச் சான்றிதழ் இல்லாதவர் போட்டியிட இயலாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும். ஒன்றிலேனும் முதுநிலை வேண்டும். சான்றிதழ் கையில் இருப்பவருக்குப் போட்டியாளர் கூட்டம் அங்கே பெரிதும் குறைந்துவிடுகிறது. வீட்டுச் சுமையை விரைவில் ஏற்க வேண்டிய மாணவனுக்கு இது சிறிய செய்தி அன்று.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். மைய அரசின் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் சி.எச்.எஸ்.எல். தேர்வில், எழுத்தர் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் அடிக்க வேண்டும். இந்தி எனில் 30. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆகவே நம்மவர்க்கு ஆங்கிலமே. 35 சொல் என்பதை மணிக்கு 10,500 விசைத்தட்டல் என்று ஆணையமே கணக்கிட்டுள்ளது. வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 175, ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டல். தேர்வின் பத்து நிமிடத்தில் 1,750. நொடிக்கு ஏறத்தாழ மூன்று தட்டல். இது ஒன்றும் மலைப்புக்குரிய விரைவன்று. பிழையில்லாமல், நடுவில் நிற்காமல், பத்து நிமிடம் அதே சீரில் செல்வதுதான் கடினம். எனவே ஒரு நிமிடப் பயிற்சி செய்து விரைவைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. ஏழாம் நிமிடத்தில் தோள் கனக்கும்போது விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள். அதுவே உங்கள் உண்மையான விரைவு.

ஆங்கிலத்தில் இந்த விரைவைப் பெற்றவர், அதே கையால் தமிழையும் அடித்துவிடலாம் என எண்ணலாகாது. யாழ்ப்பாணத் தமிழரான ஆர். முத்தையா வகுத்த அமைப்பே தமிழ்த் தட்டெழுத்துப் பொறிக்கு அடிப்படையாயிற்று. பயிலகங்களில் முதல் நாள் கற்பிக்கும் 'யளனகபக' அதன் நடு வரிசையின் இடப்பக்கம். வலப்பக்கத்தில், ஆங்கிலத்தில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில், மெய்யெழுத்தின் புள்ளி உள்ளது. ஆங்கிலத்தில் எப்போதோ ஒரு முறை தட்டும் அவ்விசையைத் தமிழில் சொல்லுக்குச் சொல் தட்ட வேண்டும். 'பெங்களூர்த் தமிழ் மாணவர்' என்னும் மூன்றே சொற்களில் ஐந்து புள்ளிகள்! அந்தச் சுமை முழுவதும் வலக்கைச் சுண்டுவிரலின்மேல். ஆங்கிலம் மட்டும் பழகிய கையில் அவ்விரல் வலுவற்றே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பொறியில் புள்ளிக்குரியது நகரா விசை. அதைத் தட்டினால் தாள் நகராது; அடுத்துத் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழ் வந்து அமரும். எனவே 'மக்கள்' என்று அடிக்க, ம, புள்ளி, க, க, புள்ளி, ள என ஆறு தட்டல். நாம் சொல்வது 'க்'. கை செய்வது முதலில் புள்ளி, பிறகு க. கண் ஓரெழுத்து முன்னே சென்றாலன்றி இது கைகூடாது. தமிழ்ப் பயிற்சியின் உயிர்நாடி இதுவே. நாள்தோறும் கால் மணி நேரம் புள்ளி மிகுந்த சொற்களையே அடித்துப் பழகுங்கள்: பள்ளம், கட்டம், தப்பம், மட்டம். பொருளற்ற சொல் வந்தாலும் குற்றமில்லை.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகை வேறு வகை. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். புள்ளி இடக்கைச் சுட்டுவிரலுக்கு வந்துவிட்டது. அதுவும் எழுத்துக்குப் பின்னர். ஒரே எழுத்து இரட்டித்தால் புள்ளி தானே விழும். 'மக்கள்' ஐந்து தட்டலில் முடியும். கணிப்பொறிக்கு இதுவே சிறந்தது என்பேன். ஆயினும் ஒரே நேரத்தில் இரண்டையும் கற்க வேண்டா. பொறியில் 'க' இருக்கும் விசையில்தான் இங்கே புள்ளி உள்ளது. எந்தப் பலகையில் தேர்வு என்பதை அறிவிக்கையில் பார்த்து, அதை மட்டும் பழகுங்கள்.

பெங்களூரில் படிக்கும் நமக்கு ஒரு தனி இடர்ப்பாடு. ஆங்கில எழுத்தால் ஒலியைக் குறித்துத் தமிழைப் பெறுவதே நம் வழக்கம். கைப்பேசியில் பெருவிரலால் எழுதுகிறோம். சொல்லைக் கருவி ஊகித்துத் தருகிறது. ஊகிக்க ஆளில்லாத இடத்தில் ழகரமும் றகரமும் நம்மைக் கைவிடும். நான் விசாரித்த பயிலகங்களில் ஆங்கிலமும் கன்னடமுமே கற்பித்தனர். தமிழ்ப் பொறி இல்லை. ஆகவே ஆங்கிலத்தை இங்கேயே ஒரு பயிலகத்தில் பழகி, தமிழுக்கு வார இறுதியில் ஓசூர் வரை சென்று வரலாம். ஆங்கிலம் காலையிலும் தமிழ் மாலையிலும் என இடைவெளி விட்டுப் பழகுவது நலம். அடுத்தடுத்துப் பழகினால் ஆங்கில வரியில் அரைப்புள்ளிகள் முளைக்கும்.

இங்கேயே பிறந்து கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த நண்பர்களுக்கு மற்றொரு வழியும் திறந்திருக்கிறது. கருநாடகத் தேர்வு வாரியமும் கன்னடம், ஆங்கிலத் தட்டெழுத்துத் தேர்வுகளை நடத்துகிறது. கணிப்பொறிக்குக் கே. பி. ராவ் வகுத்த கன்னட விசைப்பலகை ஆங்கில எழுத்தின் ஒலியை ஒட்டியது. நம் பெருவிரல் பழக்கம் அங்கே ஓரளவு உதவும். தமிழ்நாட்டுத் தேர்வுகளோ ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடைபெறுகின்றன. இளநிலைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரமாக ஆறு திங்கள் போதும்.