விருந்தினருக்கு இடம், கடல்நீருக்கு வழி

பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை பேர் உட்காரலாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் வட்டாரத்தில் படகு என்றால் பெரும்பாலும் பகல் பயணம்தான். லங்காவியிலிருந்து தயாங் பூந்திங் தீவு, சிங்கப்பூரிலிருந்து தென் தீவுகள் என்று காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புகிறோம். இந்த வெயிலில் கீழ்த்தள அறையில் யாரும் அடைந்து கிடக்க மாட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் வெளியேதான் உட்காருவார்கள்.

அப்படி உட்காரும் இடத்துக்குக் 'காக்பிட்' என்று பெயர். விமானத்தில் விமானி அமரும் அறைக்கும் இதே பெயர்தான். படகில் இது மேல்தளத்தில் ஒரு தொட்டிபோல் உள்வாங்கிய பகுதி. இரு பக்கமும் நீளமான இருக்கைகள், பின்னால் சுக்கான், சுற்றிலும் முதுகு சாய ஒரு விளிம்பு. பெரும்பாலான படகுகளில் இது பின்பகுதியில் இருக்கும்.

தொட்டி என்று சொன்னதைக் கவனியுங்கள். மனிதர்கள் வசதியாக உட்காரும் அந்தத் தொட்டியில் கடல்நீரும் வசதியாக உட்காரும். ஆகவே விசாலமான காக்பிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேள்விகள் இரண்டு: விருந்தினரின் எடை படகில் எங்கே விழுகிறது? உள்ளே வரும் நீர் எவ்வளவு விரைவில் வெளியேறுகிறது? சிறிய கணக்குகளைக் கொண்டே இரண்டுக்கும் விடை காணலாம்.

எட்டுப் பேர் ஏறினால்

ஏறத்தாழ 9.5 மீட்டர் நீளமும் 5 டன் எடையும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். காக்பிட்டின் நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். ஒருவருக்கு அரை மீட்டர் இருக்கை என்று வைத்தால் பக்கத்துக்கு நால்வராக எட்டுப் பேர் அமரலாம். ஒருவர் சராசரியாக 75 கிலோ என்றால் மொத்தம் 600 கிலோ.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தின்படி, படகு தன் மொத்த எடைக்குச் சமமான நீரை விலக்கும் அளவுக்கு அமிழும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிலோ. நீர்மட்டத்தில் படகின் பரப்பு 15 சதுர மீட்டர் என்றால், இந்த எட்டுப் பேருக்காகப் படகு கூடுதலாக அமிழ்வது 4 சென்டிமீட்டர் மட்டுமே. பயப்பட ஒன்றுமில்லை.

டால்பினைப் பார்க்க எட்டுப் பேரும் ஒரே பக்கம் ஓடினால்? அடியில் 'கீல்' என்ற கனமான எடை தொங்கும் இத்தகைய படகு ஏறத்தாழ 6 பாகை சாயும், அவ்வளவுதான். ஈயம் அல்லது இரும்பாலான அந்த எடை, படகை மீண்டும் நிமிர்த்தப் பார்த்துக்கொண்டே இருக்கும். கீல் எடை இல்லாத சிறு படகு என்றால் இதே ஓட்டத்தில் கவிழ்ந்திருக்கும்.

பலரும் கவனிக்காதது பின்பக்கச் சுமையைத்தான். காக்பிட் பின்னால் இருப்பதால் 600 கிலோவும் அங்கேயே குவிகிறது. பின்பகுதி பத்து சென்டிமீட்டருக்கும் மேல் தாழும், முன்முனை உயரும். நீரில் இழுபடும் பின்பகுதி வேகத்தைக் குறைக்கும். அதைவிடக் கவலை தருவது வடிகால். காக்பிட் தரையில் உள்ள துளைகளின் வழியே நீர் வெளியேற வேண்டுமானால், தரை கடல்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். பின்பகுதி தாழ்ந்து தரை கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், அதே துளைகளின் வழியே கடல்நீர் மேலே ஏறிவரும். விருந்தினரின் காலடி நனைவதைப் பார்த்து "அலை தெறித்தது" என்று நினைத்துக்கொள்வோம்.

அழையாத பதினாறு பேர்

இப்போது ஒரு பெரிய அலை பின்பக்கமாக ஏறி, காக்பிட்டை நிரப்பிவிட்டது என்று கொள்வோம். இருக்கைகள் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துச் சராசரி ஆழம் 40 சென்டிமீட்டர் என்றால், உள்ளே இருக்கும் நீர் 1,200 லிட்டர். அதன் எடை 1,230 கிலோ. அதாவது அழையாத பதினாறு விருந்தாளிகள் ஒரே நொடியில் பின்பக்கம் ஏறிவிட்டார்கள்!

அவர்களை எப்படி வெளியே அனுப்புவது? பல படகுகளில் சுமார் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வடிகால் குழாய்கள் இருக்கும். 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர், அடியில் உள்ள துளையை விட்டு நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். இது டாரிசெல்லி விதி. துளையின் ஓரங்களில் ஏற்படும் தடையையும் சேர்த்தால், இரண்டு குழாய்களும் நொடிக்கு 4 லிட்டர் அளவுக்கே நீரை வெளியேற்றும். அந்தக் கணக்கில் ஐந்து நிமிடம் போதும். ஆனால் நீர்மட்டம் குறையக் குறைய வேகமும் குறைவதால், உண்மையில் பத்து நிமிடம் பிடிக்கும். அடுத்த பெரிய அலை அதுவரை காத்திருக்காது.

குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் நீர் செல்லும் பரப்பு நான்கு மடங்காகும். பத்து நிமிடம் இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். பின்சுவரே இல்லாமல் திறந்திருக்கும் நவீனப் படகுகளில் சில நொடிகளில் நீர் வடிந்துவிடும். அதனால்தான் இன்று பல படகுகளின் பின்பகுதி திறந்தபடி, அல்லது கீழிறக்கிக் குளிமேடையாகப் பயன்படுத்தும் கதவோடு வடிவமைக்கப்படுகிறது. நீந்த வசதி என்று விளம்பரம் சொல்லும். அது வடிகாலுக்கும் உதவுகிறது.

'கேட்டமரன்' என்ற ஆங்கிலச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தில் தொட்டியே கிடையாது. ஏறும் அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடும். நீர் தங்க இடம் கொடுக்காமலிருப்பதே அதன் பாதுகாப்பு.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு பெரிய தாம்பாளத்தில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இரு கையாலும் தூக்கி நடந்து பாருங்கள். சற்றே சாய்ந்தாலும் நீர் முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடி, தாம்பாளத்தை இன்னும் சாய்க்கும். அதே தண்ணீரைப் பனிக்கட்டித் தட்டின் சிறு குழிகளில் ஊற்றி நடந்தால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

இதைக் கப்பல் கட்டுவோர் 'தளர்நீர் விளைவு' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். இது நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். காக்பிட்டின் அகலம் 1.5 மீட்டரிலிருந்து 2.5 மீட்டரானால், நீளம் மாறாவிட்டாலும் விளைவு நான்கரை மடங்குக்கு மேல் பெருகும். அகலமான காக்பிட்டுக்கு விரைவான வடிகால் கட்டாயம் என்பதன் காரணம் இதுதான்.

அகலம் எப்போது இடையூறு?

பாய்மரப் படகு காற்றில் சாய்ந்துதான் ஓடும். 20 பாகை சாயும்போது, 2.5 மீட்டர் அகலக் காக்பிட்டில் ஒரு பக்கம் அமர்ந்தவர் எதிர்ப்பக்கத்தவரைவிட 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பார். மேலே இருப்பவருக்குக் கால் ஊன்ற எதுவும் இல்லையென்றால் கீழே சறுக்கி விழ வேண்டியதுதான். வயதான பெற்றோரையும் சிறு பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள்.

எனவே இருக்கைகளுக்கு நடுவே, எதிர் இருக்கையின் விளிம்பில் கால் ஊன்றும் அளவுக்கே இடைவெளி இருப்பது நல்லது. சுமார் 60 முதல் 75 சென்டிமீட்டர் வரை பொருந்தும். அதைவிட அகலமென்றால் நடுவே உறுதியாகப் பொருத்திய மேசை வேண்டும். அது சாப்பிட மட்டுமன்று, கால் ஊன்றவும் கையால் பிடிக்கவும் பயன்படும்.

அகலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அகலமான படகு முதலில் எளிதில் சாயாது. ஆனால் முழுவதும் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே உறுதியோடு மிதக்கும். 1979ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்நெட் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் சிக்கிப் போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் படகு எத்தனை பாகை வரை சாய்ந்தாலும் தானே நிமிரும் என்ற கேள்வியை வடிவமைப்பாளர்கள் கூர்ந்து ஆராயத் தொடங்கினார்கள்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரன்களின் காக்பிட் ஒரு வரவேற்பறை போல விசாலமானது, அதிகம் சாயாது. விருந்தினருக்கு அது பெரிய வசதி. ஆனால் கவிழ்ந்தால் தானே நிமிராது. ஆகவே பலத்த காற்று வருமுன் பாயைச் சுருக்குவதில் அங்கே கூடுதல் கவனம் தேவை.

தலைக்கு மேல் ஒரு கட்டை

பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கிடைக்கட்டைக்கு 'பூம்' என்று பெயர். காற்று பின்னாலிருந்து வீசும்போது திசை சற்றுத் தவறினால், அது ஒரு நொடியில் மறுபக்கம் வீசி அடிக்கும். படகோட்டிக்குக் குனியத் தெரியும். முதன்முறை வந்த விருந்தினருக்குத் தெரியாது. நிற்பவரின் தலைக்கு மேலே பூம் செல்கிறதா என்று பாருங்கள்.

பூமைக் கட்டுப்படுத்தும் கயிறு காக்பிட்டின் நடுவே இறங்கினால், அது விருந்தினரின் மடியிலும் விரல்களிலும் சிக்கும். முன்பக்கக் கூரையில் அல்லது பின்பக்க வளைவில் பொருத்தப்பட்டிருந்தால் நல்லது. சுக்கானிலும் வேறுபாடு உண்டு. நீண்ட பிடி கொண்ட சுக்கான் ஓடும்போது இடத்தை அடைக்கும், நங்கூரம் போட்டதும் தூக்கி வைத்துவிடலாம். இரட்டைச் சக்கரம் இருந்தால் நடுவே பின்பக்கம் வரை நடக்க வழி கிடைக்கும்.

தகட்டைப் படியுங்கள்

ஐரோப்பியச் சந்தைக்காகக் கட்டப்பட்ட படகுகளில் ஒரு சிறு தகடு இருக்கும். அதில் ஏ, பி, சி, டி என்ற வகையும், ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் இருக்கும். சி வகை, காற்று பியூஃபோர்ட் அளவில் 6 வரையும் அலை 2 மீட்டர் வரையும் உள்ள கரையோரப் பயணத்துக்கு. பி வகை, காற்று 8 வரையும் அலை 4 மீட்டர் வரையும். ஒரே படகு பி வகையில் எட்டுப் பேருக்கும் சி வகையில் பத்துப் பேருக்கும் தகுதி பெற்றிருக்கலாம். கடல் கடுமையாகும்போது ஆட்கள் குறைய வேண்டும் என்பதே இதன் பொருள். இருக்கை காலியாக இருக்கிறது என்பதற்காக இன்னும் இருவரை ஏற்றக்கூடாது.

மலாக்கா நீரிணை அமைதியானது என்று எண்ணிவிட வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் 'சுமத்ரா' சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும். காற்றின் வேகம் மூன்று மடங்கானால் பாயின்மீது அதன் அழுத்தம் ஒன்பது மடங்காகும்.

படகு பார்க்கப் போகும்போது

தனியாகப் போகாதீர்கள். நீங்கள் வழக்கமாக அழைக்கவிருக்கும் அத்தனை பேரையும் கூட்டிச் செல்லுங்கள். துறையில் கட்டியிருக்கும் படகிலேயே இவற்றைச் சோதிக்கலாம்:

1. எல்லாரையும் காக்பிட்டில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். தரைத்துளைகளில் நீர் ஏறிவருகிறதா?

2. உரிமையாளரின் அனுமதியோடு நான்கைந்து வாளி நீரைத் தரையில் ஊற்றுங்கள். எவ்வளவு நேரத்தில் வடிகிறது? மூலையில் தேங்குகிறதா?

3. கீழ்த்தள அறைக்குச் செல்லும் வாசலின் படி, காக்பிட் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அது தாழ்வாக இருந்தால் காக்பிட்டில் ஏறும் நீர் நேராக அறைக்குள் இறங்கும். வாசலை அடைக்கும் பலகை உறுதியாகப் பொருந்துகிறதா?

4. உங்கள் கூட்டத்தில் மிகக் குட்டையானவர் எதிர் இருக்கையில் கால் ஊன்ற முடிகிறதா? மிக உயரமானவர் நின்றால் பூம் இடிக்கிறதா?

5. வெயில் மறைப்பை விரித்த பிறகும் பாயையும் முன்பக்கத்தையும் சுக்கான் பிடிப்பவர் பார்க்க முடிகிறதா?

6. எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி வைக்க இடம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

முதல் மூன்றில் ஒன்று தவறினாலும், இருக்கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அந்தப் படகை விட்டுவிடுங்கள். இருக்கையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். காக்பிட் தரையின் உயரத்தை மாற்றுவது எளிதன்று.