பளபளப்புக்கு அடியில்

மகிழுந்தின் சக்கரத்தில் முகம் தெரியும்படி ஒளிரும் குரோமியப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அதன் அடியிலுள்ள உலோக அடுக்குகளே சக்கரத்தின் உண்மையான காவல்.

அலுமினியச் சக்கரத்தை மெருகேற்றி, எண்ணெய்ப் பசை நீக்கிக் கழுவுவர். காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அதன்மேல் முலாம் உறுதியாகப் பற்றாது. எனவே சக்கரத்தைத் துத்தநாகக் கரைசலில் அமிழ்த்துவர். அக்கரைசல் ஆக்சைடைக் கரைத்து, அவ்விடத்தில் மெல்லிய துத்தநாகத்தை அமர்த்தும். பின்னரே மின்முலாம். எதிர்மின்வாயாகத் தொங்கும் சக்கரத்தில் தாமிரமும், அதன்மேல் நிக்கல் இரண்டு அடுக்குகளாகவும் படியும். மேலடுக்கு நிக்கல் கீழடுக்கைவிட எளிதில் அரிபடும். ஆகவே அரிப்பு ஆழ இறங்காமல் பக்கவாட்டில் பரவுகிறது, சக்கரம் தப்புகிறது. கண்ணாடி போன்ற ஒளியும் பெரும்பாலும் நிக்கலுடையதே! குரோமியம் தருவன நீலச்சாயலும் கடினத்தன்மையும்.

இறுதித் தொட்டியில் குரோமிக் அமிலமும், அதில் நூற்றில் ஒரு பங்களவு கந்தக அமிலமும் இருக்கும். இங்கு நேர்மின்வாய் ஈயக் கலவையாலானது. படியும் குரோமியம் முழுவதும் கரைசலிலிருந்தே வருகிறது. மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைப் பகுப்பதிலேயே செலவாகிறது. அப்போது எழும் வாயுக் குமிழிகள் வெடித்து, அமிலத் திவலைகள் காற்றில் கலக்கும். அக்காற்றைத் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளியின் மூக்கின் இடைச்சுவரில் துளை விழலாம். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். இதனால்தான் நச்சுத்தன்மை மிகக் குறைந்த, மூன்று இணைதிறனுடைய குரோமிய உப்புக் கரைசலுக்கு ஆலைகள் பல மாறிவருகின்றன. அதில் கிடைக்கும் முலாமின் நிறம் சற்றே வேறுபடும்.