வள்ளி வீட்டுத் தேனும் பொதிகை மலைக் காணிகளும்



வள்ளி திருமணக் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். வேடனா வந்தது, வேங்கை மரமா நின்னது, கிழவரா வந்து தேனும் தினைமாவும் கேட்டது, பிள்ளையார் யானையா வந்து உதவினது. பல சொற்பொழிவுகள்ல கதை அதோட முடிஞ்சிடும். கந்தபுராணத்துல அதுக்கு அப்புறமும் ஒரு கட்டம் இருக்கு. வள்ளியை அழைச்சுக்கிட்டு முருகன் கிளம்பிடுறார். துரத்தி வந்த நம்பிராஜனும் வேடர்களும் போர்ல மாண்டு விழுறாங்க. அப்போ நாரதர் வந்து, பெத்தவங்களை இப்படி விட்டுட்டு, அவங்க சம்மதம் இல்லாம பெண்ணைக் கூட்டிட்டுப் போறது முறையான்னு கேட்கிறார். முருகன் திரும்பி வர்றார். மாண்டவங்க எல்லாரும் எழுறாங்க. அதுக்கப்புறம் அவங்க ஊருக்கே போய், அவங்க கொடுத்த தேனையும் தினைமாவையும் ஏத்துக்கிட்டு, அவங்க முன்னாலயே கல்யாணம். திருத்தணிகைக்குப் போறதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

சூரனையே ஜெயிச்ச சாமி. மலைக்குறவர்கிட்ட சம்மதம் கேட்கணும்னு அவருக்கு என்ன தேவை? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கிட்டு நம்ம ஊர்ப் பக்கம் வருவோம்.

முருகன்கிட்ட தமிழ் கேட்ட அகத்தியர் இருக்கும் மலை பொதிகை. தாமிரபரணி பிறக்கிற இடம். அந்த மலையில தலைமுறை தலைமுறையா வாழ்றவங்க காணிக்காரர்கள். பாபநாசத்துக்கு மேல போனா அகத்தியர் காணிக் குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழின்னு அவங்க ஊர்கள். தேன் எடுப்பாங்க, மரச்சீனி, மிளகு போடுவாங்க. அகத்தியரைத் தங்கள் குருவா, தெய்வமா கும்பிடுறவங்க. மலையோட மேற்குச் சரிவுல, கேரளாவுலயும் இதே மக்கள்தான். மாநில எல்லைக்கோடு அவங்களைக் கேட்டுப் போட்டது இல்ல.

1987 டிசம்பர்ல அந்த மேற்குச் சரிவுல ஒரு ஆய்வுக் குழு மலையேறுது. தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில வந்தவங்க. வழிகாட்டியா வந்தவங்க காணிகள். ஏறி ஏறி அறிஞர்களுக்கு மூச்சு வாங்குது, காணிகளுக்கோ களைப்பே இல்ல. நடுநடுவுல ஏதோ சின்னச் சின்னக் காயா எடுத்து மென்னுக்கிட்டே வர்றாங்க. இவங்களும் வாங்கிச் சாப்பிட்டாங்க, உடம்புல தெம்பு வந்துச்சு. என்ன செடின்னு கேட்டா காணிகள் சொல்லத் தயங்கினாங்க. வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாத விஷயம் அது. ரொம்ப வற்புறுத்தின பிறகுதான் காட்டிக் கொடுத்தாங்க. அதுதான் ஆரோக்கியப் பச்சை.

அடுத்து ஆய்வுக்கூடம். திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டுல இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம், அந்தச் செடியோட அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி'ங்கிற மருந்தை உருவாக்குச்சு. 1990-கள் நடுவுல கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய ஃபார்மசிக்கு 7 வருஷ உரிமம் கொடுத்தாங்க. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில 2 சதவீதம் ராயல்டி. அதுல பாதி காணிகளுக்குன்னு முடிவாச்சு. 1997-ல கேரளக் காணிகள் பேர்ல ஒரு அறக்கட்டளை பதிவாச்சு, 1999-ல சுமார் 5 லட்சம் ரூபாய் அவங்க கைக்குப் போச்சு.

நியாயமாச் சொல்லணும்னா, அந்தக் காலத்துல இப்படிப் பாதி கொடுக்கிறது ரொம்ப அபூர்வம். பல்லுயிர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே 1993 கடைசியில. அதனால இதைத் திருட்டுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல.

ஆனா வரிசையைக் கவனிங்க. முதல்ல செடி, அப்புறம் ஆய்வு, அப்புறம் உரிமம், கடைசியிலதான் காணிகளுக்கான அறக்கட்டளை. காணிகள்ல வைத்தியம் பார்க்கிற பெரியவங்களுக்குப் பிலாத்தின்னு பேர். எங்க அறிவைத் தனியார் கம்பெனிக்கு விக்காதீங்கன்னு 1995-ல ஒன்பது பிலாத்திகள் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினாங்க. நிறுவனம் பேசினது பெரும்பாலும் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளோட. மற்ற பஞ்சாயத்துக்காரங்க ஒதுங்கியே இருந்தாங்க. செடி வளர்றது காப்புக்காடுங்கிறதால இலை பறிக்க வனத்துறை முட்டுக்கட்டை போட்டுச்சு. இதுக்கிடையில அமெரிக்காவுல ஒரு கம்பெனி 'ஜீவனி'ங்கிற பேரையே தன் வணிகக் குறியா பதிஞ்சுக்கிச்சு. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. அதே மலையில, அதே அறிவோட கிழக்குப் பக்கம் வாழ்ற நம்ம நெல்லைக் காணிகள் அந்தக் கணக்குலயே வரல.

கோடு எழுதுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஓப்பன் சோர்ஸ்ல ஒரு லைப்ரரியை எடுத்தா லைசென்ஸ் ஃபைலைப் படிக்கணும், எழுதினவர் பேரை அழிக்கக் கூடாது. காணிகளோட அறிவுக்கு லைசென்ஸ் ஃபைல் கிடையாது. யாரு முதல்ல டவுன்லோட் பண்ணாங்களோ அவங்க பேர்ல போயிடும்.

மஞ்சள் வழக்கு ஞாபகம் இருக்கா? காயத்துக்கு மஞ்சள் போடுறதுக்கு 1995-ல அமெரிக்காவுல காப்புரிமை கொடுத்தாங்க. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களை எடுத்துக் காட்டி 1997-ல அதை ரத்து பண்ண வச்சுச்சு. அங்க நம்மைக் காப்பாத்தினது எழுத்து. பிலாத்தியோட அறிவு வாய்மொழி, எடுத்துக் காட்ட ஓலை இல்ல. 2002-ல பல்லுயிர்ச் சட்டம் வந்துச்சு. 2023-ல அதைத் திருத்தி, நூல்கள்ல பதிவான மரபறிவைப் பயன்படுத்துறவங்க பங்கு தர வேண்டாம்னு விலக்கு கொடுத்துட்டாங்க. ஒரு காணி சொன்ன மூலிகை ஏற்கெனவே ஏதாவது சித்த நூல்லயும் இருந்துட்டா? அவருக்கு என்ன பங்கு கிடைக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

நிலத்துக் கதையும் இதே மாதிரிதான். காணிக்காரர்னாலே நில உரிமை உள்ளவர்னு அர்த்தம் சொல்றாங்க. ஆனா மேல் அணை 1940-கள்ல, முண்டந்துறை சரணாலயம் 1962-ல, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-ல. வன உரிமைச் சட்டம் 2006-லயே வந்தும், நீதிமன்ற உத்தரவால தமிழ்நாட்டுல உரிமைப் பட்டா கொடுக்கிறது 2016 வரைக்கும் முடங்கியே கிடந்துச்சு.

குறவர்கள் நிலைமை இன்னும் மோசம். வள்ளியைக் குறமகள்னு உருகிப் பாடுறோம். ஆனா வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டு வந்தப்போ, கொரவர்னு பிறந்ததே போலீஸ் பதிவேட்டுல பேர் ஏறப் போதுமான காரணமாச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் சட்டம் போச்சு. கோயில் கொடைகள்ல குறவன் குறத்தி ஆட்டம்னு அந்தச் சமூகத்தையே ஆபாசமாக் காட்டுறது மட்டும் போகல. அதை நிறுத்த 2023-ல நீதிமன்றமும் அரசும் தலையிட வேண்டி வந்துச்சு. சாமி முன்னாலயே, சாமியோட மாமியார் வீட்டைக் கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கோம்.

நம்ம குரூப்புலயும் தினம் ஒண்ணு வருது: 'அகத்தியர் அருளிய பொதிகை மூலிகை, ஆர்டர் செய்ய லிங்க்'. பாக்கெட்டுல அகத்தியர் படம் இருக்கும். பறிச்சவங்க யாரு, அவங்களுக்கு எவ்வளவு போச்சுன்னு எதுவும் இருக்காது. அடுத்த தடவை ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னால விக்கிறவர்கிட்ட இதைக் கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு கிடையாது. பதில் சொல்ல முடியலைன்னா குரூப்புல போடாதீங்க.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. காரையாறு உங்களுக்குத் திருவிழா நடக்கிற இடம். காணிகளுக்கு அது வருஷம் பூரா குடியிருக்கிற இடம், குடிக்கிற தண்ணி. துணியை ஆத்துல விடாதீங்க. குடியிருப்புக்குள்ள போய்க் கேட்காம வீடியோ எடுக்காதீங்க. தேன், மிளகு வாங்கினா காணிகள் கையிலயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க. வைத்தியம் தெரிஞ்ச தாத்தா யாராவது செடி பேரைச் சொல்லாம சிரிச்சா, அதோட விட்டுடுங்க.

அடுத்த வாரம் வேங்கை மரம் பத்திப் பார்ப்போம்.

முருகா சரணம்.