நன்றிக் குறிப்பேடு: ஒரு சோதனை

மனநிறைவை அளக்கத் தராசு உண்டா? அமெரிக்க உளவியலார் எம்மன்ஸ், மெக்கல்லோ 2003-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு, வாரம் ஒருமுறையாக 10 வாரங்கள், நன்றிக்குரியவற்றில் ஐந்து வரை எழுதியது. மற்றொன்று தொல்லைகளை எழுதியது. மூன்றாவது, வெறும் நிகழ்ச்சிகளை. மூன்றாவது எதற்கு என்கிறீர்களா? அஃது இல்லையேல், பயன் தந்தது நன்றியா, எழுதும் பழக்கமா என்று பிரித்தறிய இயலாது. நன்றி எழுதியோரே தம் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு மதிப்பிட்டனர். பின்வந்த ஆய்வுகளில் பயன் சிறிதாகவே தெரிந்தது. தீராத மனச்சோர்வுக்கு மருத்துவரே வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். 'அம்மாவுக்கு நன்றி' என்பது போதாது. தேர்வன்று விடியற்காலையில் எழுப்பிக் காப்பி தந்ததை எழுதுங்கள். தொடங்குமுன் உங்கள் மனநிறைவுக்குப் பத்துக்கு எத்தனை என மதிப்பெண் குறித்துவிடுங்கள். தொடக்க அளவீட்டை மறப்பவர்களை என் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன்!